வெதுவெதுப்பு யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஐரோப்பாவில் குளிர்காலம் எங்கே அதிக உயிர்களைப் பறிக்கிறது என்று கேட்டால் பின்லாந்தையோ ஸ்வீடனையோ சொல்லத் தோன்றும். 2003-ல் ஹீலி என்ற ஆய்வாளர் 14 நாடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கு வேறுவிதமாக இருந்தது. மற்ற மாதங்களைவிடக் குளிர்மாதங்களில் சாவு எவ்வளவு கூடுகிறது என்று அவர் பார்த்தார். போர்ச்சுகலில் 28 சதவீதம். ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் 21 சதவீதம். ஏரிகள் உறைந்து கிடக்கும் பின்லாந்தில் 10 சதவீதம்தான்.

வெளியே எவ்வளவு குளிர் என்பதைவிட, வீட்டுக்குள் எவ்வளவு குளிர் என்பதே கூடுதலாகப் பொருட்படுத்தத்தக்கது என்ற கருத்துக்கு இந்தக் கணக்கு வலுச் சேர்த்தது. பின்லாந்தில் சுவர்கள் தடித்தவை, சன்னல்கள் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடியால் ஆனவை. லிஸ்பனின் வீடுகள் கோடையை நினைத்துக் கட்டப்பட்டவை. அப்படியானால், கையில் காசு குறைவாக உள்ள குடும்பம் குளிர்காலத்தை வெதுவெதுப்பாகக் கழிக்க எதைச் சரிசெய்ய வேண்டும்? அடுப்பையா, உடுப்பையா, வருமானத்தையா, எரிபொருளின் விலையையா, வீட்டையா? இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

விவாதம் பெரும்பாலும் பிரிட்டனைச் சுற்றியே நகரும். இதற்கெனச் சட்டம் இயற்றி, வரையறை வகுத்து, அந்த வரையறையை மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்த்த நாடு அது. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் அந்நாட்டின் பழைய செங்கல் வீடுகளில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

நெருப்பைத் திருத்தியவர்கள்

முதல் விடை அடுப்பிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கணப்பு என்பது சுவரில் குடைந்த ஆழமான குழி. எரியும் நிலக்கரியின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். அப்படிப் போகும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கிலும் சன்னலிடுக்கிலும் குளிர்காற்று உள்ளே இழுபடும். நெருப்பின் முன் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும்.

அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740-களில் இரும்புக் கணப்பு ஒன்றை வடிவமைத்து 1744-ல் அதைப் பற்றிச் சிறுநூல் வெளியிட்டார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று காப்புரிமையை மறுத்துவிட்டார். ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்ப்சன் 1796-ல் சொன்ன திருத்தம் இன்னும் எளியது. குழியின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களை அறையை நோக்கி விரியும்படி சாய்த்தார். புகைபோக்கியின் தொண்டையை நான்கு அங்குலமாக ஒடுக்கினார். கொஞ்சம் செங்கல்லும் ஒரு கொத்தனாரும் இருந்தால் இருக்கிற கணப்பையே மாற்றிக்கொள்ளலாம். சூடு அறைக்குள் எதிரொளித்தது, புகையும் ஒழுங்காக மேலேறியது. குறைந்த செலவில் ஒரு வீட்டின் குளிரைத் தணித்த வழிகளில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை சிலவே.

ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் வேறு வழியில் போயின. பெரிய செங்கல் அடுப்பை நாளுக்கு ஓரிரு முறை மூட்டுவார்கள். அடுப்பின் உடம்பு சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல விடும். கொரியாவின் ஒண்டோல் முறையில் சமையலடுப்பின் புகை தரைக்கடியில் ஓடித் தரைக்கற்களைச் சூடாக்கும். ஒரே விறகில் சோறும் வெந்தது, படுக்கும் இடமும் காய்ந்தது.

அடுப்பை மட்டும் திருத்துவதன் எல்லை பின்னால் தெரிந்தது. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1967 தொடங்கிப் பத்தாண்டுகளில் வட கடல் எரிவாயு ஒரு கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1970-ல் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்குக்கூட இல்லாத மையச் சூடாக்கம் இன்று பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் உண்டு. ஒரே பாய்லர், அறைதோறும் ரேடியேட்டர். அரசின் மதிப்பீட்டில் 1970-ல் 12 டிகிரியாக இருந்த சராசரி வீட்டு வெப்பம் 2010-களில் 17 டிகிரியைத் தாண்டியது. பாய்லரும் மேம்பட்டுக்கொண்டே வந்தது. நீராவியின் சூட்டையும் மீட்டெடுக்கும் கண்டென்சிங் வகை 2005 முதல் ஏறத்தாழக் கட்டாயமானது. ஆனால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 70, 80 டிகிரிக்கு வைத்தால் அந்த மீட்பு சரியாக நடக்காது. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பாய்லரின் குமிழைச் சற்றுக் குறைத்து வைத்தால் பில்லில் சில சதவீதம் மிஞ்சும் என்பதைப் பலர் 2022-ன் விலையேற்றத்துக்குப் பிறகே அறிந்தார்கள். செலவே இல்லாத திருத்தம் இது. எல்லாப் பாய்லர்க்காரர்களும் நிறுவும்போதே சொல்லித்தர வேண்டியது.

உடலைக் காத்தால் போதாதா?

வீடு முழுவதையும் ஏன் சூடாக்க வேண்டும் என்ற கேள்வியும் பழையதே. காஷ்மீரில் பிரம்புக்கூடைக்குள் மண்சட்டி வைத்து, அதில் கரி நெருப்பிட்டு, ஃபெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் பிடித்துக்கொள்வார்கள். அதுவே காங்ரி. ஜப்பானின் கோட்டாட்சுவில் குட்டை மேசைக்கடியில் சூடேற்றி இருக்கும், மேலே மெத்தைப் போர்வை விரிந்திருக்கும், குடும்பமே அதைச் சுற்றிக் காலை நீட்டி உட்காரும். மின்கணக்கும் இவர்கள் பக்கம்தான். மின்போர்வை ஒன்று 100 வாட் அளவில் ஓடினால் பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். பாய்லர் எரியும்போது ஒரு மணி நேரத்திலேயே 10 யூனிட்டுக்கு மேல் வெப்பம் கொட்டும். 2022 குளிர்காலத்தில் பிரிட்டனில், வீட்டை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள் என்ற அறிவுரை எங்கும் கேட்டது.

இதற்கு மருத்துவ ஆதரவும் உண்டு. வில்லியம் கீட்டிஞ் உள்ளிட்டோர் 1997-ல் வெளியிட்ட யூரோவின்டர் ஆய்வு, வீட்டு வெப்பத்தோடு வெளியே போகும்போது தொப்பி, கையுறை அணிவதும், நின்றுவிடாமல் நடப்பதும் குளிர்காலச் சாவுகளோடு தொடர்புள்ளவை என்று காட்டியது. அடுத்த ஆண்டு அவர்கள் சைபீரியாவின் யகூட்ஸ்கைப் பார்த்தார்கள். வெளியே மைனஸ் 48 டிகிரி வரை இறங்கியும் அங்கே சாவு எண்ணிக்கை ஏறவில்லை. தடித்த மென்மயிர் உடை ஒரு காரணம். ஆனால் அங்கே வீடுகளும் நன்றாகச் சூடாக இருந்தன என்பதை உடையின் பக்கம் பேசுபவர்கள் சிலசமயம் விட்டுவிடுகிறார்கள்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனங்கள் கவனிக்கத்தக்கவை. காங்ரியை நாள்தோறும் வயிற்றோடும் தொடையோடும் சேர்த்துப் பிடிப்பவர்களுக்கு அந்த இடத்தில் தோல்புற்று வருவதை 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே பதிவு செய்துள்ளனர். மூடிய அறையில் கரிப்புகையின் நச்சும் உண்டு. ஜப்பானில் கோட்டாட்சுவைவிட்டு எழுந்து குளிர்ந்த குளியலறைக்குப் போய்ச் சுடுநீர்த் தொட்டியில் இறங்கும் முதியவர்கள் இரத்த அழுத்தம் சட்டென்று மாறி இறப்பது ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது. புதிய கட்டடங்கள் அனைத்துக்கும் வெப்பக்காப்பு விதிகளை அந்நாடு கட்டாயமாக்கியது 2025 ஏப்ரலில்தான். நோயாளியும் கைக்குழந்தையும் எப்போதும் போர்வைக்குள் இருக்க முடியாது. பிள்ளை படிக்க மேசை வேண்டும், விரல்கள் வெளியே இருக்க வேண்டும். ஆளை மட்டும் காத்து வீட்டைக் குளிரவிட்டால், மூச்சிலும் சமையலிலும் துணி உலர்த்துவதிலும் எழும் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சணமாகிறது. நெருக்கடி நேரத்துக்கு இது நல்ல உபாயம். நிரந்தர ஏற்பாடாக ஏழைகளுக்கு இதைப் பரிந்துரைப்பது நியாயமாகப் படவில்லை.

யார் குளிரில் வாடுபவர்?

1973-ன் எண்ணெய் நெருக்கடி இந்தக் கேள்வியை வீட்டுக்குறிப்பிலிருந்து அரசியலுக்குக் கொண்டுவந்தது. குளிரில் வாடுவது வறுமையின் ஒரு கிளையா, தனிச் சிக்கலா என்ற வாதம் அப்போது தொடங்கியது. எல்லா வறுமையும் ஒன்றுதான், வருமானத்தை உயர்த்தினால் போதும் என்றது ஒரு தரப்பு. 1991-ல் பிரெண்டா போர்டுமன் எழுதிய நூல் மறுதரப்பின் அடிக்கல். ஏழைகள் விலைமலிவான எரிபொருளைக்கூட விலையுயர்ந்த முறையில் வாங்கும்படி அவர்களது வீடு கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே இதற்கு மூலதனம் வேண்டும் என்பது அவரது வாதம். வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எரிபொருளுக்குப் போனால் அது எரிபொருள் வறுமை என்ற எல்லைக்கோடும் அவரிடமிருந்து வந்ததே.

அதில் ஒரு நுட்பம் உண்டு. குடும்பம் உண்மையில் செலவிட்ட தொகையை அது அளக்கவில்லை. கூடத்தை 21 டிகிரியிலும் மற்ற அறைகளை 18 டிகிரியிலும் வைத்திருக்க எவ்வளவு செலவிட வேண்டியிருக்கும் என்பதையே அளந்தது. பாய்லரை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் ஒடுங்குபவரின் பில் குறைவாகத்தான் இருக்கும். பில்லை மட்டும் பார்த்தால் அவருக்குக் குறையில்லை என்று தோன்றும்.

2000-ல் பிரிட்டனில் வெதுவெதுப்பான வீடுகள் சட்டம் நிறைவேறியது. இங்கிலாந்தில் 2016-க்குள் எரிபொருள் வறுமையை இயன்றவரை ஒழிப்பது என்று இலக்கு வைத்தார்கள். 2004-க்குப் பிறகு எரிவாயு விலை ஏற ஏற எண்ணிக்கை பல மடங்காகியது. ஜான் ஹில்ஸ் தலைமையிலான ஆய்வு 2012-ல் அளவுகோலையே குறைசொன்னது. அது விலை அசைந்தால் அளவுக்கு மீறி அசைகிறது, பெரிய வீட்டில் வாழும் வசதியானவர்களையும் சேர்த்துக்கொள்கிறது என்றது. 2013-ல் புதிய அளவுகோல் வந்தது, 2021-ல் அதுவும் மாறியது. இப்போது இங்கிலாந்தில் ஒரு வீட்டின் எரிசக்தித் தரச்சான்று ‘டி’ அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், எரிபொருள் செலவுக்குப் பின் மிஞ்சும் வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே போக வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கணக்கில் சேரும்.

இதன் விளைவு கவலை தருவது. ‘சி’ தரச்சான்றுள்ள அடுக்ககத்தில் வேலையிழந்து, ஹீட்டர் போடப் பணமின்றி இருப்பவர் இங்கிலாந்தின் கணக்கில் இல்லவே இல்லை. பில்கள் இரட்டிப்பான 2022, 2023-ஆம் ஆண்டுகளில்கூட அதிகாரபூர்வ எண்ணிக்கை சுமார் 13 சதவீதத்திலேயே நின்றது. வாடகை போன்ற வீட்டுச்செலவு போக மிஞ்சும் வருமானத்தை எடுத்துப் பழைய பத்து சதவீதக் கோட்டால் அளந்தால் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிப் போகிறது. ஸ்காட்லாந்து 2019-ல் இயற்றிய சட்டத்தில் பத்து சதவீதத்தையும், அதற்குமேல் கௌரவமாக வாழப் போதிய தொகை மிஞ்சுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒரே தீவில், ஒரே குளிரில், எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஏழைகளின் கணக்கு வேறு. வீட்டைத் திருத்தும் திட்டத்துக்கு யாரைத் தேர்வது என்பதற்கு இங்கிலாந்தின் அளவுகோல் பயன்படலாம். எத்தனை பேர் வாடுகிறார்கள் என்று சொல்ல ஸ்காட்லாந்தின் முறையே நேர்மையானது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

பணமாகக் கொடுத்தால்

மிக விரைவான விடை பணம். பிரிட்டன் 1997-ல் முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை அறிவித்தது. பின்னர் அது 200 பவுண்டாகவும், 80 வயதைத் தாண்டியவர்களுக்கு 300 பவுண்டாகவும் நிலைபெற்றது. ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பம் பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 25 பவுண்டு தரும் திட்டமும் உண்டு.

பொருளியலாளர்கள் நெடுநாள் சொன்னது, காசு காசுதான், எந்தத் தலைப்பில் தந்தாலும் குடும்பம் தன் விருப்பப்படியே செலவிடும் என்பது. பீட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் குளிர்கால உதவித்தொகையை ஆராய்ந்தபோது அது பொய்த்தது. வெறும் பணமாகக் கருதியிருந்தால் அதில் சுமார் 3 சதவீதம்தான் எரிபொருளுக்குப் போயிருக்க வேண்டும். உண்மையில் 40 சதவீதத்துக்கும் மேல் போயிருந்தது. இன்னதற்கு என்று குறிப்பிட்டுத் தந்த பணத்தை மக்கள் அதற்கே பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் யாருக்குத் தருவது? எல்லா முதியோருக்கும் என்றால் வசதியானவர்களுக்கும் போகிறது. 2024-ல் மிகக் குறைந்த வருமானமுள்ள முதியோர் உதவித்தொகை பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். கூச்சத்தாலோ படிவச் சிக்கலாலோ அந்த உதவிக்கு விண்ணப்பிக்காதவர்களும், சில பவுண்டில் எல்லையைத் தாண்டியவர்களும் விடுபட்டுப் போனார்கள். எதிர்ப்பு வலுத்து, 2025-ல் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு மீண்டும் விரித்தார்கள். முதியோர் அல்லாதவரின் நிலைமை இதில் எப்போதும் பின்தங்கியே இருந்தது. கைக்குழந்தையோடு வாடகை அறையில் இருக்கும் தாய்க்கும் அதே குளிர்தான்.

விலையைக் கட்டுப்படுத்துவது இன்னொரு கிளை. 2021 அக்டோபரில் 1,277 பவுண்டாக இருந்த வழக்கமான வீட்டின் ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 2022 ஏப்ரலில் 1,971 ஆனது. அக்டோபரில் 3,549 ஆக இருந்ததை அரசு தலையிட்டு 2,500-ல் நிறுத்தியது. அந்தத் தலையீடு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே கடினம். ஆனால் யூனிட்டுக்கு மானியம் என்பதால் அதிகம் எரித்த பெரிய வீடுகளுக்கே அதிகத் தொகை போனது. முதல் சில யூனிட்டை மலிவாக்கி மேலே விலையேற்றும் அடுக்குக் கட்டணத்தைச் சிலர் முன்வைக்கிறார்கள். தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணத்தில் நாம் பழகிய முறை அது. வெப்பத்துக்கு அது முழுவதும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. ஓட்டையான வீட்டில் வாழும் ஏழை நோயாளியும் நிறைய யூனிட் எரிக்க வேண்டியவரே. வருமானத்தைப் பார்த்து விலைகுறைக்கும் சமூகக் கட்டணத்தை பெல்ஜியம் நடைமுறையில் வைத்திருக்கிறது.

முன்பணம் கட்டும் ப்ரீபெய்டு மீட்டர்களின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. பணம் தீர்ந்தால் வெப்பமும் நிற்கும். மூலைக்கடையில் மீண்டும் பணம் ஏற்றினால் வீட்டில் அடுப்பு எரியும் முன்பே நிலைக்கட்டணமும் பழைய பாக்கியும் அதிலிருந்து கழியும். கோடையில் எரிவாயுவைத் தொடாவிட்டாலும் நிலைக்கட்டணம் சேர்ந்துகொண்டே இருக்கும். 2023 ஜூலை வரை இப்படிப் பணம் கட்டுபவர்களே வங்கிவழி மாதாமாதம் கட்டுபவர்களைவிட அதிகக் கட்டணம் தந்தார்கள். யாரும் வந்து இணைப்பைத் துண்டிப்பதில்லை என்பதால் இது துண்டிப்புக் கணக்கில் வருவதும் இல்லை.

சுவரும் பரணும்

இனி வீடு. பிரிட்டனின் வீடுகள் ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றில் சேர்ந்தவை. இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு வீடு 1919-க்கு முன் கட்டப்பட்டது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி இல்லை. பரணில் கம்பளி போன்ற காப்பை விரிப்பது மலிவு. இரட்டைச் சுவருக்கிடையே காப்பை ஊதி நிரப்புவதும் ஒரு நாள் வேலை. இடைவெளியற்ற சுவருக்கு உள்ளே அல்லது வெளியே காப்புப் பலகை ஒட்ட வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும்.

இந்தத் தரப்பின் உச்சம் பாஸிவ்ஹவுஸ். போ ஆடம்சனும் வோல்ஃப்காங் ஃபைஸ்டும் சேர்ந்து உருவாக்கிய கருத்தின்படி 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் முதல் வீடுகளில் குடியேறினார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட் வெப்பம் போதும் என்பது அதன் கோடு. கனடாவின் சஸ்காச்சுவானில் 1977-லேயே இதன் முன்னோடி வீடு எழுந்தது. புதிதாகக் கட்டுவதற்கு இது சாத்தியம் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏழைகள் வாழ்வது பழைய வீடுகளில் என்பதே சிக்கல்.

பழைய வீட்டைத் திருத்தினால் போட்ட பணம் பில்லில் திரும்புமா? 2018-ல் ஃபௌலி, கிரீன்ஸ்டோன், வுல்ஃப்ரம் ஆகியோர் மிச்சிகனில் 30,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு இந்தத் துறையை உலுக்கியது. வீட்டுக்குச் சுமார் 5,000 டாலர் செலவான இலவசத் திருத்தத்தில், மிச்சமான எரிசக்தியின் மதிப்பு செலவில் பாதியளவுதான். பொறியியல் கணக்கு முன்னறிவித்த மிச்சம் உண்மையைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். இலவசம் என்று வீடு வீடாகப் போய் அழைத்தும் ஆறு சதவீதத்துக்கும் குறைவானவர்களே திட்டத்தில் சேர்ந்தார்கள். படிவங்களும் ஆய்வுகளும் மக்களைக் களைப்படையச் செய்தன.

ஏன் கணக்கு பொய்க்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள். ஒன்று 1865-ல் ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி எழுதியபோதே எழுந்தது. ஒரு பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழி கிடைத்தால் அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்துவோம். வீடு காக்கப்பட்டால் மக்கள் தெர்மோஸ்டாட்டை ஏற்றுவார்கள். இரண்டாவது விளக்கம் 2012-ல் சுனிக்கா-பிளாங்க், கால்வின் இருவரிடமிருந்து வந்தது. சுமார் 3,400 ஜெர்மன் வீடுகளில், உண்மையான பயன்பாடு கணக்கிட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவு. வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு வித்தியாசம். மோசமான வீட்டில் வாழ்பவர்கள் முன்பே குளிரைச் சகித்துக்கொண்டு சிக்கனமாகத்தான் இருந்தார்கள். எரிக்காத எரிபொருளைத் திருத்தம் மிச்சப்படுத்த முடியாது.

இங்கேதான் இக்கட்டுரையின் முதன்மைக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பிட்ட பின் ஏழைக் குடும்பம் கூடத்தை 15-லிருந்து 18 டிகிரிக்கு ஏற்றினால் எரிசக்திப் பொருளியல் அதை இழப்புப் பத்தியில் எழுதுகிறது. அந்த மூன்று டிகிரிக்காகத்தானே திட்டமே தொடங்கியது? உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மிதக்குளிர் நாடுகளின் குளிர்காலத்துக்கு 18 டிகிரியைப் பாதுகாப்பான அளவாகச் சொல்கிறது. மிச்சமான பில்லைக் கொண்டு மட்டும் அளந்தால் மிகவும் தேவையுள்ள வீடுகளில்தான் திட்டம் மிகவும் தோற்றதாகத் தெரியும்.

உடல்நலத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்ட ஆய்வுகள் வேறு படத்தைத் தருகின்றன. நியூசிலாந்தில் பிலிப்பா ஹௌடன்-சாப்மன் குழு 1,350 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதி வீடுகளுக்கு முதலில் காப்பிட்டது. 2007-ல் முடிவுகள் வந்தன. படுக்கையறை வெப்பம் அரை டிகிரிதான் கூடியது. ஆனால் ஈரப்பதம் குறைந்தது, எரிசக்திப் பயன்பாடு மற்ற வீடுகளின் 81 சதவீதத்துக்கு இறங்கியது, இளைப்பும் பள்ளிக்கு வராத நாட்களும் குறைந்ததாகக் குடும்பங்கள் தெரிவித்தன. 2009 முதல் அந்நாடு நடத்திய பெருந்திட்டத்தின் மதிப்பீட்டில் நன்மைகளின் பெரும்பங்கு உடல்நலத்திலிருந்தே வந்தது. இங்கிலாந்தில் 2011-ல் மார்மட் குழு தொகுத்த சான்றுகளும், மிகக் குளிர்ந்த கால்பங்கு வீடுகளில் குளிர்காலக் கூடுதல் சாவுகள் மிக வெதுவெதுப்பான கால்பங்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்றன. இவற்றில் பல, குடும்பத்தினர் தாமே சொன்ன அறிகுறிகளை நம்பியவை. சாவுகளின் கணக்கில் காய்ச்சல் பரவலின் பங்கைப் பிரித்தெடுப்பதும் கடினம். ஆயினும் சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன.

வேலையின் தரம் இந்தத் தரப்பின் மிகப் பெரிய பலவீனம். பழைய வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி வைத்த அலமாரியை நகர்த்திப் பாருங்கள். பின்னால் காற்றோட்டமில்லாத இடத்தில் சுவர் அறையைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும், காகிதம் உப்பியிருக்கும், மூலையில் கரும்புள்ளிகள் கூடியிருக்கும். காப்பைத் தவறாக இட்டால் இந்தக் குளிர்ந்த இடங்கள் மறையாமல் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சன்னல் சட்டத்தைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டுவிட்டாலே போதும், ஈரமெல்லாம் அங்கே குவியும். காற்றுப்போக்கியை அடைத்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அண்மைத் திட்டங்களில் வெளிச்சுவர்க் காப்பிட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் திருத்த வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக மதிப்பிட்டது. ஏறத்தாழ 22,000 வீடுகள். நம்பிக் கதவைத் திறந்த குடும்பங்களுக்கு இது பெருந்துரோகம். காப்பிடுவது தவறு என்பதற்கு இது சான்றில்லை. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன நேரும் என்பதற்கே சான்று.

கடன் கொடுத்துக் காப்பிடச் செய்யும் முயற்சி சுருக்கமாகவே சொல்லத்தக்கது. 2013-ல் வந்த ‘கிரீன் டீல்’ திட்டத்தில் கடன் மின்பில்லோடு சேர்ந்து கழியும். வட்டி அதிகம், நடைமுறை சிக்கல். சுமார் 14,000 குடும்பங்களே கடன் வாங்கின. 2015-ல் நிதி நின்றது.

சுடரில்லாச் சூடு

கெல்வின் பிரபு 1852-ல் கருத்தளவில் சொன்ன ஹீட் பம்ப், குளிர்பதனப் பெட்டி இயங்கும் அதே முறையில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இறைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம். குளிர்நாடுகளுக்கு இது ஒத்துவராது என்ற ஐயத்தை நார்வேயும் ஸ்வீடனும் பின்லாந்தும் நடைமுறையிலேயே தீர்த்துவிட்டன. பிரிட்டனில் தடை வேறு. மின்சாரத்தின் விலை எரிவாயுவின் விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. மூன்று மடங்கு திறன் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதில்லை. நிறுவ 7,500 பவுண்டு மானியம் உண்டு. மீதித் தொகை கையில் இருப்பவர்களுக்கே அது பயன்படும். டென்மார்க் 1979-ல் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றி, ஊருக்கொரு கொதிநிலையத்திலிருந்து குழாய்வழிச் சூடு தரும் முறையை இலாபநோக்கற்றதாக வளர்த்தது. இன்று அந்நாட்டின் மூன்றில் இரண்டு வீடுகள் அதில் இணைந்துள்ளன. அடர்ந்த நகரங்களுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும்.

வாடகை வீட்டில் யார் பொறுப்பு?

காப்பிடும் செலவு வீட்டுக்காரருடையது, மிச்சமாகும் பில் குடியிருப்பவருடையது. அதனால் இருவருமே கைவைப்பதில்லை. இதைச் சந்தை தானாகத் தீர்க்காது என்பதில் எல்லாத் தரப்பும் பெரிதும் உடன்படுகின்றன. ஒழுங்குமுறை மட்டுமே வழி. டொரொண்டோவில் வெப்பத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் குளிர்மாதங்களில் 21 டிகிரிக்குக் குறையாமல் தர வேண்டும் என்று நகரவிதி சொல்கிறது. ஸ்கார்பரோவின் அடுக்ககங்களில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கு இது தெரிந்த விஷயம். நியூசிலாந்து 2019-ல் வாடகை வீட்டின் கூடத்தை 18 டிகிரிக்குச் சூடாக்கக்கூடிய நிலையான ஹீட்டரைக் கட்டாயமாக்கியது. ஹீட்டரை வைப்பது வீட்டுக்காரர் கடமை, ஓட்டும் செலவு குடியிருப்பவருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 முதல் ‘எஃப்’, ‘ஜி’ தரச்சான்றுள்ள வீடுகளை வாடகைக்கு விட முடியாது. ஆனால் வீட்டுக்காரர் 3,500 பவுண்டுக்கு மேல் செலவிடத் தேவையில்லை என்ற விலக்கும் கூடவே வந்தது. அந்தத் தொகைக்கு இடைவெளியற்ற சுவரை மூட முடியாது.

இன்னும் தீராதவை

மேலே கண்ட விடைகளில் எதுவும் தனித்து நிற்பதாகத் தெரியவில்லை. உதவித்தொகை இந்தக் குளிர்காலத்துக்குப் பயன்படும், காப்பு அடுத்த முப்பது குளிர்காலங்களுக்கு. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாக வைத்து வாதிடுவது தவறு என்ற அளவில் சான்றுகள் போதிய தெளிவோடு இருக்கின்றன. முதலில் வீட்டைக் காப்பதா, முதலில் ஹீட் பம்ப் பொருத்துவதா என்ற வரிசைப் பூசலுக்கு அப்படித் தெளிவான முடிவு இல்லை. மின்சாரத்தின் விலை இறங்கினால் இரண்டாவது தரப்பு வலுப்பெறும். இடைவெளியற்ற சுவர் வீடுகளில் அரைகுறைக் காப்பே போதுமா, முழுக்காப்பு தேவையா என்பதற்கும் விலையோடு சேர்த்துப் பார்த்த உறுதியான விடை இல்லை.

அளப்பதில் உள்ள குறை இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிறது. வீடுகளின் தரச்சான்று கணினி மாதிரியிலிருந்து வருகிறது, பில் மீட்டரிலிருந்து வருகிறது. குடும்பம் வாழும் அறை ஜனவரி இரவில் எத்தனை டிகிரியில் இருந்தது, சுவரில் எவ்வளவு ஈரம் படிந்தது என்பதைப் பெரிய அளவில், ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் ஏற்பாடு பெரும்பாலான நாடுகளில் இல்லை. வெப்பமும் ஈரமும் அளக்கும் கருவி இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. திருத்தத்துக்கு முன்பும் பின்பும் அதை வீட்டில் வைத்துப் பார்க்கும் நிபந்தனையை அரசுத் திட்டங்கள் ஏற்றுக்கொண்டால், தவறாக ஒட்டிய பலகைகளும் ஒரே குளிர்காலத்தில் தெரிந்துவிடும், மூன்று டிகிரி ஏறிய கூடமும் கணக்கில் வரும். அந்தத் தரவை யார் வைத்திருப்பது, வாடகைக்கு இருப்பவருக்கு எதிராக அது பயன்படாமல் எப்படிக் காப்பது என்ற கேள்விகள் அப்போது எழும்.